வாப்பா தைத்த படகுப் பாய்

எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் ஒருநாளும் கார் நின்றதில்லை. எங்களிடம் கார் இருக்கவில்லை. நான் நாலாம் வகுப்புப் படித்த காலத்தில் அங்கே ஒரு பாய்க்கப்பல் நின்றது. கப்பல் என்பது பள்ளிக்கூடத்தில் நானாகப் பரப்பிய செய்தி. பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்காரக்கூடிய ஒரு சின்னப் படகு. குண்டசாலையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரைநாள் வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு பாய்மரம் இருந்தது. அது உயரத்தால் போர்ச்சுக்குள் அடங்காமல், சுவர் ஓரமாகப் படுத்துக் கிடந்தது.

வாப்பாவுக்குக் கண்டி டவுனில் திரைச்சீலைக் கடை. திகனவுக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்த ஒரு விடுதி கைமாறியபோது, ஜன்னல்களுக்கு அளவெடுக்கப் போனார். பின்வளவில் ஒரு படகு கிடந்தது. அதற்குள் கோழி அடை படுத்திருந்தது. புது முதலாளி, உங்களுக்கு வேண்டுமென்றால் கொண்டுபோங்கள், எனக்கு இடம் மிச்சமாகும் என்றாராம். அளவெடுக்கப் போன மனிதர் அன்று மாலை லொறியில் படகோடு வந்து இறங்கினார். ஜன்னல் அளவுகளை எடுக்க மறந்துவிட்டார் என்பது மறுநாள்தான் தெரியவந்தது.

உம்மா லொறியையும் படகையும் பார்த்தார். உள்ளே போய்ச் சத்தமாகப் பாத்திரம் கழுவினார். அதில் நியாயம் இருந்தது. உம்மா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எங்கள் முன் ஹோலில், கதிரைகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்து, மடியில் கொப்பி வைத்து எழுதினார்கள். போர்ச்சைச் சுற்றி அரைச்சுவர் எழுப்பி, பிள்ளைகள் உட்கார வாங்கு போட்டு, அதையே வகுப்பறையாக்க வேண்டும் என்பது உம்மாவின் நெடுநாள் திட்டம். கரும்பலகைகூட வந்து, அலுமாரிக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தது. வாங்கு வருவதற்கு முன் படகு வந்துவிட்டது.

எனக்கு அந்தப் படகின் மேல் உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் ஏறித்தான் வீட்டுப்பாடம் செய்வேன். மழை பெய்தால் இன்னும் நல்லது, நடுக்கடலில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

படகோடு வந்த பாயை எலி தின்றிருந்தது. வாப்பா அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழ்க்கை முழுவதும் துணி வெட்டித் தைத்த ஆளுக்கு ஒரு முக்கோணத் துணி எம்மாத்திரம்? கடை வாசலில் வெயிலுக்குக் கட்டுகிற கெட்டித் துணியை வெட்டு மேசையில் விரித்து, அங்குலம் பிசகாமல் வெட்டி, இரட்டைத் தையல் போட்டு முடித்தார். முடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, வருவோர் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

“ஒரு சுருக்கம் காட்டுங்க பாப்பம்” என்பார்.

யாராலும் காட்ட முடியவில்லை. அதுதான் வினை. படகுப் பாய்க்குக் கொஞ்சம் வயிறு வேண்டும், காற்று வந்து தங்குவதற்கு ஒரு பள்ளம் விட்டுத் தைக்க வேண்டும் என்பதெல்லாம் அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. வாப்பா தைத்தது நேராகத் தொங்கும் அருமையான ஒரு திரைச்சீலை.

துணி ஆடினால் வாப்பாவுக்குப் பிடிக்காது. இன்னொருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், சலாம் சொன்ன கையோடு அவர்கள் ஜன்னல் திரையை நேராக இழுத்துவிட்டுத்தான் உட்காருவார். படகோட்டும் வித்தையையும் அவர் இப்படித்தான் கற்றார். கடையில் ஆள் இல்லாத நேரம் போனில் படகு வீடியோக்களைப் பார்ப்பார். வெள்ளைக்காரர்கள் பேசுகிற வேகம் பிடிக்காததால் சத்தத்தை அணைத்துவிடுவார். அந்தப் படகுகளெல்லாம் காற்றை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன போலும். பாய்கள் விறைத்து நின்றன. வாப்பா முடிவுக்கு வந்துவிட்டார். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம். பக்கக் காற்றுக்குப் பாயை வெளியே விட வேண்டும் என்று அந்தப் படங்களில் யாராவது சொல்லியிருப்பார்கள், சத்தம் இருந்திருந்தால் கேட்டிருக்கும்.

முதல் ஓட்டத்துக்கு வாப்பாவும் அவருடைய தம்பியான சாச்சாவும் போனார்கள். சுக்கான் வாப்பாவிடம், பாயை இழுக்கும் கயிறு சாச்சாவிடம். சாச்சா சொன்னதைச் செய்கிற மனிதர். இறுக்கிப் பிடி என்றதும் உயிரைக் கொடுத்துப் பிடித்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து, கரையோரப் புல்லுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. மீன் பிடிக்கிற ஒருவர் தன் தோணியில் கட்டி இழுத்து வந்து விட்டார். அவர்கள் வீடு வந்து சேரும் முன்பே செய்தி பெரிய மாமாவிடம் வந்து சேர்ந்துவிட்டது.

பெரிய மாமா உம்மாவுக்கு மூத்த அண்ணன், உம்மா நானா என்று கூப்பிடுவார். சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். ஊரில் எது நடந்தாலும் அதைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும், அதை அவர் உள்ளே வைத்துக்கொள்வதில்லை.

அந்த வருடங்களில் நோன்புப் பெருநாள் ஆடிக் காற்றோடு வந்தது. பெருநாளன்று பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். எல்லோரும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரிய மாமா ஆரம்பித்தார்.

“மச்சான், ஒங்கட கப்பல் எப்ப மக்காவுக்குப் போற? ஹஜ்ஜுக்கு எனக்கும் ஒரு சீட் போடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் வழக்கமாகச் சேர்ந்து சிரிப்பவர்தான். அன்று ஏனோ அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றிலிருந்து கையை எடுத்தார். நாளைக்கு எல்லோரும் நீர்த்தேக்கத்துக்கு வாருங்கள், அக்கரைக்குப் போய்த் தொட்டுவிட்டு நண்பகல் லுஹர் பாங்குக்கு முன் இக்கரை வந்து சேருகிறேன், முடியாவிட்டால் படகு போர்ச்சைவிட்டுப் போகும், கேட்கிற ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

உம்மா பெருநாள் இனிப்பான வட்டலப்பத்தை ஏந்திக்கொண்டு குசினி வாசலில் நின்றார்.

“எல்லாரும் கேட்டீங்க தானே?” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கணக்கு வகுப்பில் அதே சிரிப்போடு அவர் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தால் உள்ளே முட்டை இருக்கும் என்று எனக்குத் தெரியும். வட்டலப்பத்தை நான் தொடவில்லை. என் பங்கையும் சாச்சா சாப்பிட்டார்.

மறுநாள் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களும், பிரியாணிச் சட்டியும், உட்கார விரிக்கும் பாய்களும், குடைகளும் நீர்த்தேக்கக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. படகை முதலிலேயே லொறியில் கொண்டுவந்து, பாய்மரத்தை நட்டு, பாயை ஏற்றித் தயாராக வைத்திருந்தார்கள். சாச்சாவை மட்டும் காணவில்லை. வாப்பா போன் எடுத்தார். முந்திய நாள் வட்டலப்பம் அவருடைய வயிற்றில் வேலையைக் காட்டிவிட்டது. வீட்டைவிட்டு அசைய ஏலாது என்றார்.

கயிறு பிடிக்க ஆளில்லை. வாப்பா கரையில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒவ்வொருவரும் வானத்தைப் பார்த்தார்கள். பெரிய மாமா தன் உடம்பைத் தானே சுட்டிக்காட்டி, நான் ஏறினால் அது கப்பல் இல்லை, நீர்மூழ்கி என்றார். அப்போது உம்மா எழுந்து அபாயாவில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார்.

“நான் வாறேன்.”

“நீயா?” என்றார் பெரிய மாமா.

“கயிறொண்ட புடிக்கிறதுக்கு யூனிவர்சிட்டிக்குப் போகணுமா, நானா?”

விடுதிக்காரர் கொடுத்த செம்மஞ்சள் மிதவைச் சட்டையைக் கறுப்பு அபாயாவுக்கு மேல் போட்டுக்கொண்டு உம்மா படகில் ஏறினார். படகின் பாரம் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லி வாப்பா என்னையும் ஏற்றினார். பாய்மரத்தின் அடியில், பின்பக்கம் பார்த்தபடி நான் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே வாப்பா, காற்று வருகிற பக்கத்து விளிம்பில், சுக்கானோடு பொருத்திய நீளக் கம்பைப் பிடித்தபடி. அவருக்கும் பின்னால், படகின் கடைசி மூலையில், உம்மா. பாயின் அடித்தடியிலிருந்து வருகிற கயிறு உம்மாவின் கையில்.

எனக்கு அழுகை வந்தது. படகு வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ஊரிலேயே அதிகம் ஆசைப்படுகிற ஒருவரின் கையில் கயிற்றைக் கொடுத்திருக்கிறார்களே! உம்மா நடுவழியில் வேண்டுமென்றே கையை விட்டுவிடுவார் என்று நான் உறுதியாக நம்பினேன். அதனால் அவருடைய விரல்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இறுக்கிப் புடி. பாய் படபடக்கவே கூடாது” என்றார் வாப்பா.

உம்மா இறுக்கிப் பிடித்தார். கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சொன்னபடியே பிடித்தார்.

காற்று மலைப்பக்கமிருந்து எங்களுக்குக் குறுக்கே வந்தது. பாய் பலகைபோல விறைத்து நின்றது. படகு சாய்ந்தது. சாய்ந்த பக்கத்து விளிம்பு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. ஆனால் போகவில்லை. படகின் மூக்கு சும்மா சும்மா காற்றுப் பக்கம் திரும்பப் பார்த்தது, அதைத் திரும்பவிடாமல் வாப்பா கம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்துப் போராடிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வெற்றுச் சோடாப் போத்தல் மிதந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்தும் அது எங்கள் பக்கத்திலேயே இருந்தது. கரையிலிருந்து பெரிய மாமாவின் சிரிப்பு தண்ணீர் மேல் தெளிவாக வந்து சேர்ந்தது.

உம்மா என்ன செய்ய வேண்டியிருந்தது? ஒன்றுமே இல்லை. சொன்னபடி பிடித்துக்கொண்டிருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் பாங்கு சொல்லிவிடுவார்கள், படகு போய்விடும், போர்ச்சில் வாங்கு வந்துவிடும். யாரும் அவரை ஒரு சொல் சொல்ல முடியாது. நான் எனக்குத் தெரிந்த சூராக்களை எல்லாம் ஓதினேன். தெரிந்தவை கொஞ்சம்தான் என்பதால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

வாப்பாவின் புதுப் பெருநாள் சேர்ட் வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பாயை அண்ணாந்து பார்த்தார். அதில் அன்றும் ஒரு சுருக்கம் இல்லை.

“என்னத்தக் கொறய வச்சன்?” என்றார்.

எங்களிடம் கேட்கவில்லை. பாயிடம்தான் கேட்டார். மிகவும் மெதுவான குரல். கடையில் ஒரு பெரிய கல்யாண வீட்டு வேலை கைநழுவிப் போன அன்றுகூட அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

உம்மா அவருடைய முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பிரித்தார். சரிதான், விடப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முழுதாக விடவில்லை. ஒரு சாண் மட்டும் விரல்களுக்கிடையே நழுவவிட்டார். பாயின் அடித்தடி வெளிப்பக்கம் நகர்ந்தது. சாய்ந்திருந்த படகு, நித்திரை கலைந்து எழும்பி உட்கார்கிற பிள்ளைபோல நிமிர்ந்தது. எனக்குக் கீழே பலகைக்கு அடியில் தண்ணீர் சளசளவென்று பேசத் தொடங்கியது. கண்ணைத் திறந்தபோது சோடாப் போத்தல் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“இறுக்கு, இறுக்கு!” என்று வாப்பா முன்னால் பார்த்தபடியே சத்தம் போட்டார்.

“இறுக்கித்தான் ஈக்கி” என்றார் உம்மா.

சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் விட்டார். நான் வாயைப் பிளந்து அவரைப் பார்த்தேன். உம்மா என்னைப் பார்த்து, கண்ணாலேயே பேசாமல் இரு என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். பாய்மரத்தை ஒட்டிய ஓரம் லேசாகப் படபடக்கும் வரை கயிற்றை விடுவார். படபடத்ததும் ஒரு பிடி உள்ளே இழுப்பார், அது அடங்கும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார். கேஸ் அடுப்பில் சுவாலையைக் கூட்டிக் குறைத்து, பால் பொங்காத இடத்தில் நிறுத்துகிற அதே கை. காற்று பலமாக அடித்தால் கொஞ்சம் கொடுப்பார், தணிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வார். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்த வேதனையில் முதல் சாண் நழுவியிருக்கலாம். மற்றதெல்லாம் அவராகக் கண்டுபிடித்தது. சரியான விடையில் வந்து முடிகிற ஒரு நீளக் கணக்கைத் திருத்தும்போது உம்மாவின் முகம் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது.

வாப்பாவோ எதிர்க்கரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கழுத்து விறைத்து, தொப்பி பின்னால் சரிந்து, ஒரே பார்வை. பாய் எங்கே நிற்கிறது, யார் கை என்ன செய்கிறது, ஒன்றும் அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு பெரிய ஆளுக்குத் தெரியாத ரகசியம் எனக்குத் தெரிந்திருந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் தாங்க முடியவில்லை.

அக்கரையில் படகு மண்ணை முட்டி நின்றது. வாப்பா முழங்கால் தண்ணீரில் குதித்து, கரையைக் கையால் தொட்டார். யாருக்கும் சந்தேகம் வராதபடி இரண்டு கையாலும் தொட்டார். முகம் கழுவினார். படகைத் திருப்பி, பாயை மறுபக்கம் மாற்றிக்கொண்டு ஏறினார். வரும்போதும் குறுக்குக் காற்றுதான். வரும்போதும் அவர் அடிக்கடி “இறுக்கு” என்றார், உம்மா ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. கரையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெரிய மாமா கையில் பிரியாணிப் பீங்கானோடு, சாப்பிட மறந்து நின்றார்.

நாங்கள் இறங்கிக் கை கழுவும்போதுதான் தூரத்தில் பாங்கு கேட்டது.

வாப்பாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையையும் விரித்து, பாய் எப்படி நிற்க வேண்டும், கயிறு எப்படி நிற்க வேண்டும் என்று பெரிய மாமாவுக்கு விளக்கினார். “இறுக்கம்தான் மச்சான் விஷயம். தம்பிக்குக் கையில பெலன் காணா” என்றார். பெரிய மாமா ஒத்துக்கொள்வதுபோலத் தலையாட்டினார், அவருடைய வாழ்நாளில் அது அபூர்வம். எனக்கு நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. உம்மா என் தோளில் கையை வைத்து, இன்னொரு கையால் என் பீங்கானில் ஓர் இறைச்சித் துண்டை வைத்தார். அவர் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. நான் வாயை இறைச்சிக்குத் திறந்தேன்.

படகு வீட்டில் நிற்கப்போகிறது என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தபோது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி லொறி வந்தது. வாப்பா படகை அதில் ஏற்றினார். நான் போர்ச்சுக்குக் குறுக்கே நின்று கத்தினேன். நாம்தானே ஜெயித்தோம், ஜெயித்த ஆட்கள் யாராவது படகைக் கொடுப்பார்களா என்று கேட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை, விடுதிக்காரர் கரையில் ஒரு கொட்டிலை ஒதுக்கித் தந்திருக்கிறார், அங்கே நிற்கட்டும் என்றார் வாப்பா.

“படகு தண்ணிக்குக் கிட்டத்தானே ஈக்கணும், மகள்.”

இத்தனை மாதமும் தெரியாத உண்மை இந்த மனிதருக்கு இன்றுதான் தெரிந்ததா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதே வாரம் மேசன் வந்து அரைச்சுவர் எழுப்பினார். வாங்குகள் வந்தன. கரும்பலகையை வாப்பாவே மாட்டினார், சரிவு இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துப் பார்த்து மாட்டினார். வகுப்பறைக்கு அவர் தைத்துப் போட்ட திரைச்சீலையிலும் ஒரு சுருக்கம் இல்லை. அவர் தோற்றுப்போன ஆள்போல நடந்துகொண்டது எனக்குப் புரியவேயில்லை. அதைவிடப் புரியாதது, அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் படகுக்குப் போனபோதெல்லாம் அவர் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது. சாச்சாவின் வயிறு அடுத்த நாளே சரியாகிவிட்டது. ஆனால் கயிறு பிடிக்க வா என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. உம்மாவும், நேரமில்லை, வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக வாடகை வேனில் ஏறி உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் நடந்து நான் வளர்ந்து வேலைக்கும் போன பிறகு, எங்கள் அலுவலகத்திலிருந்து கிழக்குக் கரையில் ஒரு களப்புக்கு, கடல்நீர் ஏரிக்கு, சுற்றுலா போனோம். அங்கே வாடகைக்குப் பாய்ப்படகு இருந்தது. எனக்கு அனுபவம் உண்டு என்று நான் பெருமையடித்ததால் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். என்னோடு வேலை செய்கிற தோழி எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குறுக்குக் காற்று. கம்பு என் கையை இழுத்துக்கொண்டே இருந்தது, நான் முன்னால் ஒரு தென்னந்தோப்பைப் பார்த்தபடி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கம்பு லேசாகிவிட்டது. இழுப்பெல்லாம் போய், இரண்டு விரலால் பிடிக்கலாம் போல மெத்தென்று கையில் கிடந்தது.

“கயித்த விட்டியா?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

“கொஞ்சம்தான் விட்டேன். கை வலிச்சிச்சு” என்றாள் அவள். “நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, எப்படித் தெரிஞ்சது?”

பின்னால் கயிற்றில் ஒரு விரல் அசைந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சுக்கான் பிடித்தவருக்குத்தான் அது முதலில் தெரியும் என்று அன்றைக்குத்தான் என் கைக்குத் தெரிந்தது. அப்படியென்றால் அந்த முதல் சாணிலேயே வாப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும்தான் அவர், போகும் வழியிலும் வரும் வழியிலும், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், “இறுக்கு, இறுக்கு” என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்.